நீலத்தின் மேல் விழுந்த பழி

சென்ற மாதம் என் தமக்கையின் குமாரனுக்கு விவாகம் நிச்சயமாயிற்று. வெற்றிலை பாக்கு மாற்றி, லக்கினப் பத்திரிகையை வாசித்துவிட்டால் காரியம் முடிந்தது என்றிருந்த காலம் போய், பெண்ணும் பிள்ளையும் சபை நடுவில் ஒருவருக்கொருவர் மோதிரம் அணிவிப்பதே அந்த வைபவத்தின் சிகரமாகிவிட்ட இந்நாளில், பெண்ணின் விரலுக்கு எந்தக் கல் பதித்த மோதிரம் வாங்குவது என்ற பிரஸ்தாபம் எழுந்தபோது, தாய்மாமன் என்ற உரிமையினாலும், இரத்தினங்களைப் பற்றிப் பல வருஷங்களாக ஆசையோடு வாசித்து வருகிறவன் என்ற காரணத்தினாலும், அந்தப் பொறுப்பை என்னிடமே ஒப்படைத்தார்கள். “அவளுக்கு நீலம்தான் பிடிக்குமாம், மாமா” என்றான் பையன்.

அந்த ஒரு வார்த்தைக்கு வீடே கலங்கிப் போயிற்று. எண்பது வயதைக் கடந்த எங்கள் பெரியம்மா, “சனீசுவரன் கல்லையா மங்கள காரியத்துக்கு வாங்கப் போகிறாய்?” என்று என்னைக் கேட்டபோது அவர்கள் குரலில் இருந்தது கோபம் அன்று, பயம். நீலத்தைத் துணியில் முடிந்து மூன்று இராத்திரி தலையணைக்கடியில் வைத்து உறங்கி, துர்ச்சொப்பனம் ஒன்றும் வராவிட்டால்தான் அணியலாம் என்பது அவர்கள் அறிந்த வழக்கம். அத்தான் வைரம் என்றார். தமக்கை மாணிக்கம் என்றாள். கூடியிருந்த உறவினர்களில் ஒருவர், “இங்கிலாந்து இளவரசி டயானாவின் விரலில் இருந்தது நீலந்தானே? அவள் கதி என்னவாயிற்று?” என்று கேட்டதும், எல்லோரும் வாயடைத்துப் போனார்கள்.

நான் அவர்களுடைய நம்பிக்கையைப் பரிகசிக்கிறவன் அல்லேன். ஆயினும் ஒரு கல்லின் மேல் இத்தனை பெரிய பழியைச் சுமத்துவது நியாயமாக எனக்குப் படவில்லை. 1981-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் 24-ஆம் தேதி உலகத்துக்குக் காட்டப்பட்ட அந்த மோதிரத்தில், இலங்கையில் கிடைத்த 12 காரட் நீலம் ஒன்று நடுவிலும், அதைச் சுற்றி 14 வைரங்களும் இருந்தன. அரச குடும்பத்துக்கென்று தனியாகச் செய்ததன்று. லண்டன் நகைக்கடை ஒன்றின் விலைப்பட்டியலில் இடம்பெற்றிருந்த, பணமுள்ள எவரும் வாங்கக்கூடிய மோதிரத்தைத்தான் அந்தப் பத்தொன்பது வயதுப் பெண் தனக்குப் பிடித்ததென்று எடுத்துக்கொண்டாள். அவளுடைய இல்வாழ்க்கை முறிந்ததற்கும் அகால மரணத்துக்கும் அந்த நீலந்தான் காரணம் என்றால், அதே மோதிரத்தில் இருந்த 14 வைரங்களை ஏன் ஒருவரும் குற்றம் சொல்வதில்லை? 2010-இல் அவளுடைய மூத்த குமாரன் அதே மோதிரத்தைக் கென்யா தேசத்துக்கு எடுத்துச் சென்று தன் காதலிக்கு அளித்தான். தாய் அணிந்ததை மனைவி அணிய வேண்டும் என்ற ஆசை அவனுக்கு. அது இன்றும் அவளிடந்தான் இருக்கிறது.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு; அதைத்தான் பெரியம்மாவிடம் விஸ்தாரமாகச் சொன்னேன். தமக்கை ஆசைப்பட்ட மாணிக்கமும், எல்லோரும் அஞ்சிய நீலமும் வெவ்வேறு கற்கள் அல்ல. இரண்டும் அலுமினியமும் பிராணவாயுவும் சேர்ந்து விளைந்த ஒரே கனிமம். அதில் குரோமியம் அணுவளவு கலந்தால் சிவந்து மாணிக்கம் என்று பேர் பெறுகிறது, இரும்பும் டைட்டேனியமும் கலந்தால் நீலமாகிறது. அந்தக் கனிமத்துக்கு மேல்நாட்டுப் பூமிசாஸ்திரிகள் வழங்கும் ‘கொரண்டம்’ என்ற பெயரே நம்முடைய ‘குருந்தம்’ என்ற சொல்லிலிருந்து போனது. சோதிட நூல்கள் மாணிக்கத்தைச் சூரியனுக்கும் நீலத்தைச் சனிக்கும் உரியதாக்கியிருக்கின்றன; புராணங்களின்படி சனியோ சூரியனுடைய புத்திரன். தந்தையின் கல்லும் மைந்தனின் கல்லும் ஒரே கல்லாக இருப்பதைக் கேட்டபோது பெரியம்மா நெடுநேரம் மௌனமாக இருந்துவிட்டு, “அப்படியானால் அது நம் வீட்டுக்கு வரட்டும்” என்றார்கள்.

இந்த நீலத்துக்கும் நம் நாட்டுக்கும் உள்ள பழக்கம் நேற்று ஏற்பட்டதன்று. நொய்யல் ஆற்றங்கரையில் உள்ள கொடுமணலில் நடந்த அகழ்வாராய்ச்சிகளில், இரண்டாயிரம் வருஷங்களுக்கு முன் நீலம், பச்சைக்கல், பளிங்கு முதலியவற்றை அறுத்துத் துளையிட்டு மெருகேற்றிய பட்டறைகளின் எச்சங்கள் அகப்பட்டிருக்கின்றன. அருகிலுள்ள சிவன்மலைப் பக்கம் நீலமும், படியூரில் பச்சைக்கல்லும் கிடைத்து வந்தன. பதிற்றுப்பத்து பேசுகிற கொடுமணம் இந்த ஊர்தான் என்று அறிஞர்கள் கொள்கிறார்கள். அந்த மணிகளை அணிந்த நம் முன்னோர்கள் எத்தனை பேர் நீலத்துக்கு அஞ்சினார்களோ தெரியாது. அதை அறுத்துப் பிழைத்தவர்கள் அஞ்சியிருக்க மாட்டார்கள்.

கிரகத்தை வைத்துக் கல்லைத் தேர்ந்தெடுப்பதனால் வரும் சங்கடத்தை எங்கள் குடும்பம் ஒருமுறை அநுபவித்திருக்கிறது. என் தமக்கையின் நிச்சயதார்த்தத்தின்போது, புதனுக்கு உகந்தது என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு, மரகதம் பதித்த மோதிரம் ஒன்று வாங்கினார்கள். தளிர் நிறத்தில் அத்தனை அழகாக இருந்தது. தமக்கையோ விடியற்காலையில் எழுந்து வாசல் தெளிப்பது முதல் இரவு பாத்திரம் துலக்கிக் கவிழ்ப்பது வரையில் கையை ஓயவிடாதவள். மூன்றாம் வருஷத்தில் அந்தக் கல் பூவிழுந்த கண்ணைப் போல வெளுத்து, உள்ளேயிருந்த வெடிப்புகளெல்லாம் நரம்பு நரம்பாக வெளியே தெரிந்தன. ஒரு நாள் அம்மிக் குழவியில் பட்டு ஓரம் சிதைந்தது. விற்ற கடையில் கொண்டுபோய்க் கேட்டபோது, கைப்பழக்கம் சரியில்லை என்று அவள் மேலேயே குறையைச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். மரகதத்தில் இயற்கையாகவே வெடிப்புகள் மிகுதி என்பதும், அவற்றை மறைக்க எண்ணெய் ஊறவைத்து விற்பது உலகெங்கும் உள்ள வழக்கம் என்பதும், சோப்பும் வெந்நீரும் படப்பட அந்த எண்ணெய் வெளியேறிவிடும் என்பதும் வெகுகாலம் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது. அவள் கையின் மேல் தவறே இல்லை. அந்தக் கல்லை அவள் கைக்கு வாங்கியவர்கள்மேல்தான் தவறு.

ஆகையால் தினசரி அணியும் மோதிரத்துக்கு முதலில் பார்க்க வேண்டியது கடினத்தன்மை என்பது என் திடமான அபிப்பிராயம். 1812-இல் மோஸ் என்ற ஜெர்மானியர் வகுத்த அளவையில் வைரத்துக்கு 10, மாணிக்கத்துக்கும் நீலத்துக்கும் 9, படிகக்கல்லுக்கு 7. தெருப்புழுதியில் கலந்திருப்பது பெரும்பாலும் அந்தப் படிகத்தின் துகள்தான். எனவே 7-க்குக் கீழே உள்ள எந்தக் கல்லையும் வெறுந்தூசியே நாளடைவில் தேய்த்து மங்கச் செய்துவிடும். முத்தும் பவளமும் 4-ஐ ஒட்டியவை. அன்றியும் இரண்டும் சுண்ணாம்பின் இனம் ஆதலால், புளிக்கரைசலும் எலுமிச்சஞ்சாறும் படுகிற விரலில் அவை நெடுங்காலம் பிழைப்பதில்லை. காதிலும் கழுத்திலும் அவை அழகாக இருக்கட்டும். மரகதம் கடினத்தில் குறைந்ததன்று, ஆனால் அடி தாங்காது.

வைரத்தோடு எனக்கு விரோதம் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரேசிலில் சுரங்கம் கண்டுபிடிக்கப்படும் வரையில் உலகத்துக்கெல்லாம் வைரம் கொடுத்தது பெரும்பாலும் நம் தேசந்தான். ஆனால் நிச்சயதார்த்தம் என்றால் வைர மோதிரந்தான் என்ற எண்ணம் உலகம் முழுவதும் வேரூன்றியது, சென்ற நூற்றாண்டின் நடுவில் ஒரு பெரிய வைரக் கம்பெனி அமெரிக்காவில் செய்த விளம்பரத்தினால் என்பதையும் நாம் அறிந்திருக்க வேண்டும். அதை நம் குடும்பத்துச் சம்பிரதாயம் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

திருச்சி பெரிய கடை வீதிக்கு நான் போனபோது, கற்களுக்குப் பட்டை தீட்டியே ஆயுளைக் கழித்த பழைய நண்பர் ஒருவரை உடன் அழைத்துக்கொண்டேன். திருச்சியிலும் புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களிலும் செயற்கைக் கற்களைத் தீட்டிப் பிழைத்த குடும்பங்கள் அநேகம். செயற்கைக் கல்லை ஆயிரக்கணக்கில் கையாண்டவருக்கே இயற்கைக் கல்லின் அடையாளம் கண்ட மாத்திரத்தில் புலப்படும். முதலில் எங்களுக்குக் காட்டப்பட்ட நீலம், ஒரு மருவும் இல்லாமல், மயில் கழுத்தின் நிறத்தில் ஜொலித்தது. நண்பர் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியை வைத்து அரை நிமிஷம் பார்த்துவிட்டுக் கல்லை மெல்லத் தட்டில் வைத்தார். 1902-இல் வெர்னுயீல் என்ற பிரெஞ்சுக்காரர் வெளியிட்ட முறைப்படி, சுவாலையில் உருகிச் சொட்டும் பொடி அடுக்கடுக்காகப் படிந்து வளரும் செயற்கைக் கல்லில் நிறக்கோடுகள் வளைந்து இருக்கும் என்றும், மண்ணில் விளைந்த கல்லிலோ அவை நேராகவும் கோணமாகவும் இருக்கும் என்றும் அவர் சொல்லி, என்னையும் பார்க்கச் செய்தார். வளைந்துதான் இருந்தன. அந்தக் கல்லைத் தீட்டியவனுடைய தொழில் கௌரவமானது. அதற்குச் சுரங்கக் கல்லின் பெயரையும் விலையையும் வைப்பதுதான் துரோகம்.

சிலப்பதிகாரத்தில் மதுரைக் கடைவீதியைக் கோவலன் சுற்றிப் பார்ப்பதைப் பாடும் இளங்கோவடிகள், காக்கையின் கால் போன்ற கீறல், கறை, புள்ளி, கோடு என்று வைரத்தின் நால்வகைக் குற்றங்களையும் சொல்லிவிட்டே மேலே செல்கிறார். கண்ணகியின் சிலம்பில் இருந்தது மாணிக்கம், அரசியின் சிலம்பில் இருந்தது முத்து என்ற ஒரே உண்மையால் ஒரு வழக்கின் தீர்ப்பு மாறியது அந்தக் காவியத்தில். கல்லின் பெயரை மாற்றிச் சொல்வதை நம்மவர்கள் சிறு விஷயமாக ஒருகாலும் எண்ணவில்லை.

திருச்சிக் கடையில் பிறகு பார்த்த கற்களில் ஒன்றை, அதுவரை நான் பார்த்தறியாத அந்த மணப்பெண்ணே தேர்ந்தெடுத்தாள். அவளைக் கடைக்கு அழைப்பது முறையா என்று தயங்கியவர்களிடம், அணியப் போகிறவள் அவள் அல்லவா என்று நான் ஒருவாறு சொல்லிச் சம்மதம் பெற்றிருந்தேன். இரத்தினபுரிப் பக்கத்து வயல்களில் குழி தோண்டி, ‘இல்லம்’ என்று அங்குள்ளவர்கள் சொல்லும் சரளை மண்ணைக் கூடையில் அள்ளி அலசி எடுக்கிற இலங்கை நீலம் அது, 1.5 காரட், அதாவது 300 மில்லிகிராம். மேகம் கலைந்த வானத்தைப் போல வெளிர்ந்த நிறம். கண்ணாடியில் பார்த்தால் உள்ளே பட்டிழை போன்ற மெல்லிய ஊசிகள் தெரிந்தன. அது சூடேற்றிய கல்லா என்று கேட்டோம். ஆம் என்று கடைக்காரர் ஒளிக்காமல் சொன்னார். நிறம் தெளிவதற்காக உலையில் வைப்பது இன்று பெரும்பாலான நீலங்களுக்கு நடப்பதுதான். அந்த நிறம் நிலைத்து நிற்கும். சொல்லிவிட்டு விற்றால் அதில் குற்றம் இல்லை.

“மாமா, நான் நாள் முழுவதும் கையுறை போட்டு வேலை செய்கிறவள். கல் மேலே தூக்கிக்கொண்டு நின்றால் உறையைக் கிழித்துவிடும்” என்று அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அவள் பல் வைத்தியம் பார்க்கிறவள். அதுவரை நாங்கள் ஒருவரும் அதை நினைக்கவில்லை. பற்கள் பிடித்து நிற்கும் அமைப்பை விட்டு, கல்லைச் சுற்றிலும் பொன் விளிம்பு அணைத்திருக்கத் தாழ்வாகப் பதிக்கச் சொன்னோம். 22 காரட் பொன் மிருதுவானது, கல்லை நெடுநாள் இறுகப் பிடித்திருக்காது என்பதனால் 18 காரட்டில் செய்வித்தோம். 750 என்ற முத்திரையும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறியும் உள்பக்கம் இருக்கின்றன. பெரியம்மா அதைத் தம் கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பெண்ணிடம் கொடுத்தார்கள்.

மோதிரம் வாங்கப் போகிற குடும்பத்தாருக்கு என் வேண்டுகோள் இதுதான்: பெண்ணை உடன் அழைத்துச் செல்லுங்கள், அவள் என்ன வேலை செய்கிறாள் என்று கேளுங்கள், கல்லின் எடையைக் கழித்தே பொன்னுக்கு விலை போடச் சொல்லுங்கள், கல்லின் பெயர், அது மண்ணில் விளைந்ததா உலையில் விளைந்ததா, சூடேற்றியதா இல்லையா என்ற மூன்றையும் ரசீதில் எழுதி வாங்கிக்கொண்ட பிறகே பணத்தை எண்ணிக் கொடுங்கள்.