எண்ணெய்ப் பிசுக்கும் ஏட்டுக் கல்வியும்

"படிக்காவிட்டால் கராச்சில் ஒயில் துடைக்கத்தான் போவாய்" என்னும் வசை வன்னிப் பாடசாலைகளில் இன்றும் ஒலிக்கின்றது. வைபவர் ஆசிரியர், கேட்டுத் தலை குனிபவன் பெரும்பாலும் ஓர் உழவனின் மகன். அந்த இருவரையும் விட, அங்கில்லாத மூன்றாமவன் ஒருவனையே இவ்வசை கூடுதலாக இழிவுபடுத்துகின்றது. அவன் நம் வண்டிகளின் கீழே மல்லாந்து கிடக்கும் தொழிலாளி. தமிழ் கற்பிக்கும் ஆசிரியன் என்ற முறையில், சொல்லொன்று வழங்கும்போது அதன் பொருளை வினவுவது என் தொழிலின் பாற்பட்டது. ஒயில் துடைத்தல் என்றால் என்ன? அது எவ்வாறு வசையாயிற்று?

எஞ்சினிலும் வண்டியின் அடிப்பாகத்திலும் படியும் பிசுக்கு வெறும் அழுக்கன்று. மூடியின் ஓரங்களிலும் சம்ப்பின் இணைப்பிலும் கசியும் ஒயில், கிரவல் வீதியின் செம்புழுதியோடு கலந்து, வெப்பத்தில் இறுகி, விரற்கடைத் தடிப்புள்ள ஓடாகின்றது. அவ்வோடு எஞ்சினின் வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கின்றது. றப்பர்க் குழாய்களை ஊதச் செய்கின்றது. பிறேக் குழாயின் வெடிப்பையும் சட்டத்தின் பிளவையும் கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கின்றது. மின்கம்பியின் பொறியொன்று பட்டால் தீப்பிடிக்கவும் கூடும். எனவே அதனை அகற்றுபவன் வண்டியை அழகு செய்பவன் அல்லன். கசிவின் ஊற்றைக் கண்டுபிடிப்பவன். நோயாளியின் உடலைக் கழுவிப் புண்ணின் இடத்தைக் காண்பவனை நாம் வைத்தியன் என்போம். இவனையோ 'ஒயில் துடைப்பவன்' என்கிறோம்.

இத்தொழிலின் அறிவை நாம் எளிதாக மதிப்பிடலாகாது. எஞ்சின் ஆறிய பின்னரே தொட வேண்டும். பற்றறியின் இணைப்பைக் கழற்ற வேண்டும். காற்று உள்வாங்கும் வாயையும் மின்பாகங்களையும் பொலித்தீனால் கட்ட வேண்டும். தடித்த பிசுக்கை முதலில் மரச் சில்லால் உலர்வாகவே சுரண்டி எடுத்து, எஞ்சியதற்கே மண்ணெண்ணெயும் பிறஸ்ஸும் பயன்படுத்த வேண்டும்; அதன்பின் சவர்க்காரத்தூள், இறுதியில் அளவான நீர். வரிசை மாறினால் வண்டியும் கெடும், மனிதனும் கெடுவான். மண்ணெண்ணெயின் ஆவி தீப்பற்றும் வெப்பநிலை ஏறத்தாழ 38 பாகை செல்சியஸில் தொடங்குகின்றது. வைகாசி வெயிலில் நின்ற வண்டியின் இரும்பு அதனினும் சூடானது. பெற்றோலால் கழுவுவதோ தற்கொலைக்கு ஒப்பானது.

வன்னியில் இத்தொழிலுக்கு வேறெங்கும் இல்லாத ஒரு வரலாறுண்டு. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடை 2002இன் தொடக்கத்தில் நீக்கப்படும்வரை பெற்றோல் இங்கு மருந்தைப் போல் துளிக்கணக்கில் வழங்கிற்று. ஒஸ்ரின் கேம்பிறிஜ், மொறிஸ் ஒக்ஸ்போட், மொறிஸ் மைனர் ஆகிய பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. காபுரேற்றரில் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். அமுக்க விகிதம் குறைந்த பழைய எஞ்சின்களாதலால் அவை அதனைத் தாங்கின. ஆனால் முழுதும் ஆவியாகாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டி ஒழுகிச் சம்ப்பிலுள்ள ஒயிலை நீர்க்கச் செய்தது. நீர்த்த ஒயில் இணைப்புகள் எங்கணும் கசிந்தது; கசிந்ததன்மேல் கிரவல் படிந்தது. நோயாளரையும் கர்ப்பிணிகளையும் ஏற்றிச் சென்ற அவ்வண்டிகள் ஓட்டத்தில் இருந்தமைக்குக் காரணம், புத்தகத்தைக் காணாத சில தொழிலாளர் அந்த ஓட்டை வாரந்தோறும் சுரண்டி, கசிவைக் கண்டு, தக்கையையும் கடதாசி அட்டையையும் வெட்டி அடைத்தமையே. அக்காலத்தைப் பற்றி எத்தனையோ கவிதைகள் எழுந்துள்ளன. சுரண்டுகோல் பிடித்த கைக்கு அவற்றில் ஒரு வரியேனும் கிடைத்ததாக நான் அறியேன். ஏர் பிடித்த கையைப் பாடிப் பழகிய நம் கவிஞர்களுக்கு ஸ்பனர் பிடித்த கை இன்னும் கண்ணிற் படவில்லை போலும்!

எனினும் இவ்வரலாற்றைக் காட்டி வேறொரு வாதம் புரிவோரும் உளர். "அன்று வெறுங்கையாலே மண்ணெண்ணெயில் அளைந்தோம், யாருக்கு என்ன வந்தது? இன்று கையுறையாம், குழியாம்!" என்பர். இவ்வாறு பேசுவோர் பெரும்பாலும் கராச் முதலாளிகளே. வண்டியின் கீழே கிடந்தவர்கள் அல்லர். வேறு வழியின்றிச் செய்ததைத் தடை நீங்கிய பின்னரும் தொடர்வதற்குப் பெயர் வீரமன்று, கஞ்சத்தனம்.

யாருக்கு என்ன வந்தது என்பதற்கு உலகம் விடை கூறியுள்ளது. 1775இல் இலண்டன் வைத்தியர் பேர்சிவல் பொட், புகைபோக்கி துடைத்த தொழிலாளரின் விரைப்பைத் தோலிற் புற்றுநோய் தோன்றுவதையும் அதற்குக் கரியே காரணம் என்பதையும் எடுத்துக் காட்டினார். 1922இல் மான்செஸ்ரர் வைத்தியர்களான சௌதமும் வில்சனும் பருத்தி நூற்பாலைத் தொழிலாளரிடம் அதே நோயைக் கண்டு எழுதினர். அங்கு குற்றவாளி இயந்திரத்துக்கிட்ட கனிய எண்ணெய். அது தொழிலாளரின் காற்சட்டையில் நாள்தோறும் ஊறியது. நன்கு சுத்திகரிக்கப்படாத கனிய எண்ணெய்கள் மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பவை எனச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 1987இல் வகைப்படுத்தியது. எஞ்சினில் ஓடி எரிந்து கறுத்த ஒயிலிலோ அத்தகைய நச்சுச் சேர்மங்கள் புதிய ஒயிலினும் மிகுதி. மண்ணெண்ணெய் தோலின் இயற்கை நெய்ப்பை உரித்து அவற்றுக்கு வழிதிறந்து விடுகின்றது. என்னிடம் படித்த ஒருவன் இரண்டாண்டுகளாகக் கராச் ஒன்றில் வேலை செய்கின்றான். அவன் விரல் இடுக்குகள் வெடித்திருந்தன. கையுறை கேட்டாயா என்றேன். "கேட்டனான் சேர், பொம்பிளைப்பிள்ளையோ எண்டு சிரிச்சவை" என்றான். பதினாறு வயதுக்குட்பட்டோரை வேலைக்கமர்த்தலாகாது என்று 2021இல் சட்டம் திருத்தப்பட்டது. பதினாறைக் கடந்தவனின் கைகளைக் காக்கவும் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942ஆம் ஆண்டு முதலே இருக்கின்றது. சட்டப் புத்தகத்துக்கும் கராச்சுக் குழிக்கும் இடையே தூரம் அதிகம்.

இனி, கழுவிய நீர் எங்கே போகின்றது? தொழிலாளியின் கையிலிருந்து அது நம் அனைவரின் கிணற்றுக்கும் போகின்றது. சுன்னாகத்தை நாம் மறக்கலாகாது. மின்னிலையத்தின் கழிவெண்ணெய் சுண்ணக்கல் நிலத்தடியில் இறங்கிச் சுற்றுப்புறக் கிணறுகளைக் கெடுத்த வழக்கில், தனியார் மின்னுற்பத்திக் கம்பெனி 2 கோடி ரூபாய் நட்டஈடு செலுத்த வேண்டும் என உயர் நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. "அது பெரிய நிலையம், எங்களுடையது சிறிய கராச்" என்று சமாதானம் கூறுவர். பெரிய நிலையம் ஒன்று. சிறிய கராச்சுகள் எத்தனை? கிளிநொச்சி ஏ-9 வீதியின் இருமருங்கும், பரந்தனிலும், வவுனியா நகரைச் சூழவும் கார், லொறி, உழவு இயந்திரம், லாண்ட்மாஸ்ரர் என்று கழுவப்படுவனவற்றை எண்ணிப் பாருங்கள். மாரி மழையில் அந்த நீரெல்லாம் வாய்க்காலைத் தேடுகின்றது. வாய்க்கால் குளத்தையோ வயலையோ தேடுகின்றது. குளத்து நீரை உண்டு வாழும் மண்ணில், குளத்துக்குப் போகும் வழியில் ஒயில் ஊற்றுவது அறியாமை என்றால் ஒருமுறை மன்னிக்கலாம். வாகனக் கழுவு நிலையங்களுக்குச் சுற்றாடல் அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பது அவற்றை நடத்துவோர் அறியாததன்று.

பரிகாரம் ஆகாய விமானமன்று. சுரண்டிய பிசுக்கை நிலத்திற் கொட்டாது தகரப் பீப்பாவிற் சேர்க்கலாம். சிந்திய ஒயிலின்மேல் உமியைத் தூவி அள்ளலாம். அரிசி ஆலைகள் நிறைந்த வன்னியில் உமிக்குப் பஞ்சமா? கழுவுநீரை மூன்று அறைகள் கொண்ட சீமெந்துத் தொட்டி வழியே மெதுவாக விட்டால், சேறு முதலறையில் தங்கும், எண்ணெய் மேலே மிதக்கும், அடியிலுள்ள நீரே அடுத்த அறைக்குச் செல்லும். நீரினும் எண்ணெய் இலேசானது என்பதை ஆறாம் வகுப்புப் பிள்ளையும் அறியும். சவர்க்காரத்தை அளவுமீறி இட்டால் எண்ணெய் நீரோடு கலந்து மிதக்க மறுக்கும். ஆதலாற்றான் முதலில் உலர்வாகச் சுரண்ட வேண்டும் என்றேன். தொட்டியைக் கட்டும் செலவு முதலாளியுடையது. அதைக் கழுவு கூலியில் சேர்த்தால் வண்டிக்காரர் வேறிடம் போய்விடுவார் என்று அவர் அஞ்சுகின்றார். அந்த அச்சம் பொய்யன்று. இலட்சக்கணக்கில் கொடுத்து வண்டி வாங்கிய கனவான்கள் கழுவு கூலியில் நூறு ரூபாய்க்குப் பேரம் பேசுவதை யாவரும் கண்டிருக்கின்றோம். ஆகவே ஒரு முதலாளி தனித்துக் கட்டட்டும் என்று விட்டுவிடலாகாது. பிரதேச சபை, வியாபார உரிமம் வழங்கும்போதே தொட்டியையும் கையுறையையும் எல்லோருக்கும் ஒருசேரக் கட்டாயமாக்க வேண்டும்.

மீண்டும் நம் பாடசாலைக்கு வருவோம். கிளிநொச்சி அறிவியல்நகரில் பல்கலைக்கழகப் பொறியியற் பீடமும் இருக்கின்றது. இலங்கை-ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனமும் இருக்கின்றது. முன்னதிற் சேர்ந்த மாணவனுக்கு மாலை அணிவித்து ஊர்வலம் விடுகின்றோம். பின்னதில் மோட்டார்த் தொழில்நுட்பம் பயிலப் போகிறவனை, தவறிப் போனவனாக எண்ணி அனுதாபம் கொள்கின்றோம். உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு 2013இல் தொடங்கிற்று. அதன் மாணவர்கள் உராய்வுநீக்கிகளின் பண்புகளை மனனஞ் செய்து விடைத்தாளில் எழுதுகின்றனர். பாடசாலை மதிலுக்கு அப்பால், நாற்பது யார் தூரத்தில், அதே உராய்வுநீக்கியில் ஒருவன் முழங்கைவரை தோய்ந்து நிற்கின்றான். அவனை வகுப்புக்கு அழைத்து, ஓர் எஞ்சினைத் திறந்து காட்டச் சொல்லி, அதற்குரிய ஊதியத்தையும் கொடுத்தால் அதிபருக்கோ வலயக் கல்வி அலுவலகத்துக்கோ என்ன குறைந்துவிடும்?