வழுக்குவதா, கவிழ்வதா?

“மோட்டார்ப் பந்தயத்தில் வெல்வது இயந்திரமா, சில்லா?” என்று மாணவர் ஒருவர் என்னிடம் வினவினார். அமெரிக்காவிலே மண்திடலில் நடைபெறும் நாற்சில்லு வண்டிப் பந்தயமொன்றைத் திரையிற் பார்த்ததனால் எழுந்த வினா அது. நல்ல வினா, விடை பின்னச்சிலே இருக்கிறது.

ஏ.ரி.வி. எனப்படும் இவ்வண்டியைக் குதிரைமேல் இருப்பதுபோல் அமர்ந்து, கைபிடியினாற் செலுத்துவர். பந்தய வண்டியின் பின்சில்லுகள் இரண்டும் ஒரே அச்சிற் பிணைக்கப்பட்டவை. காரிலே, வளைவில் வெளிச்சில்லு விரைந்தும் உட்சில்லு தாழ்ந்தும் சுழல இடங்கொடுக்கும் பற்சில்லமைப்பு உண்டு. இங்கே அஃது இல்லை. ஆகவே வளையும்போது உட்சில்லு நிலத்திற் சறுக்கவேண்டும், அன்றேல் மேலெழ வேண்டும்.

வேகமாக வளையும் வண்டி எல்லை மீறினால், ரயரின் பிடி விட்டு வழுக்கும். பிடி விடாதிருப்பின் கவிழும். எது முந்தும்? பின்சில்லுகளின் நடுக்கோடுகளுக்கு இடைப்பட்ட தூரத்திற் பாதியை, ஓட்டுபவரையும் சேர்த்த ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்துப் பாருங்கள். ரயருக்கும் நிலத்துக்கும் இடையிலுள்ள உராய்வுக் குணகம் அவ்வெண்ணிலும் சிறிதாயின் வழுக்கல், பெரிதாயின் கவிழல். வழுக்கிய வண்டியை வல்லவன் மீட்டுக்கொள்வான். கவிழ்ந்த வண்டியோ அவன்மேலேயே விழக்கூடும்.

வண்டியின் பின்புற அகலம் 46 அங்குலம், ரயரின் அகலம் 10 அங்குலம் எனக் கொள்வோம். நடுக்கோடுகளுக்கு இடையே 36 அங்குலம். மையத்தின் உயரம் 24 அங்குலமாயின், 18ஐ 24ஆல் வகுக்க 0.75 வரும். மேடும் வளைவும் நிறைந்த மோட்டோகுரொஸ் திடலிலே பந்தயக்காரர் நீண்ட அச்சைப் பூட்டி அகலத்தை 50 அங்குலமாக்குவர். 20 அங்குல உயர ரயரை நீக்கி 18 அங்குல ரயரை இடுவர். பாதித் தூரம் 20 ஆகிறது. மையமும் அரை அங்குலம் தாழ்ந்ததெனின் விடை 0.85. சிறிய ரயரினால் வண்டி துள்ளிப் புறப்படும். உச்ச வேகமோ ஏறக்குறையப் பத்திலொரு பங்கு குறையும். ஒன்றைப் பெற ஒன்றைக் கொடுக்கவேண்டியதே இயற்கை.

அப்படியாயின் அகலமே எங்கும் நன்றோ? அன்று. காட்டுப் பாதைப் பந்தயத்திலே இரு மரங்களுக்கிடையே 50 அங்குல வண்டி சிக்கிக்கொள்ளும். அங்கே ஒடுங்கிய அச்சும், கல்லும் வேரும் அடியிற் தட்டாதபடி உயர்ந்த ரயருமே பொருந்தும். காற்றோ, கார் ரயரிலே சதுர அங்குலத்துக்கு 30 இறாத்தல் அளவில் இருக்க, இதிலே 5, 6 இறாத்தலே போதும். மென்மையான ரயர் நிலத்தைத் தழுவிப் பிடிக்கும். ஆயினும் பிடி மிகுந்தால் கவிழ்ச்சியும் நெருங்கும் என்பதை மறத்தலாகாது. அதனாலேதான் அச்சையும் ரயரையும் தனித்தனியே தெரியாது, ஒருங்கே தெரிகின்றனர்.

இவ்வுண்மையை உலகம் எளிதிற் கற்கவில்லை. 1970ஆம் ஆண்டில் ஹொண்டா நிறுவனம் அமெரிக்காவில் விற்கத் தொடங்கிய இவ்வகை வண்டிக்குச் சில்லுகள் மூன்றே. முன்சில்லு ஒன்றேயாதலின், கவிழும் கோடு பின்சில்லிலிருந்து சாய்வாக ஓடி ஈர்ப்பு மையத்தை நெருங்கிவிடுகிறது. சிறுவர் உட்படப் பலர் மாண்டனர். 1988ஆம் ஆண்டில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, புதிய முச்சில்லு வண்டிகளின் விற்பனை அங்கே நின்றது.

மாணவ நண்பரே, உமது வினாவுக்கு விடை கூறிவிட்டேன். இயந்திரம் வேகத்தைத் தரும். அவ்வேகத்தோடு வளைவைக் கடந்து உயிரோடு வீடு திரும்பவைப்பது, பந்தயத்துக்கு முன்னரே அளவுகோலைக் கையிலெடுத்து அச்சை அளந்தவனின் பொறுமையாகும்.