கடன் மிரட்டலுக்குக் கடிவாளம் எங்கே?

பட்டாசு ஆலையில் வெடி விபத்து நடந்தால் அடுத்து என்ன நடக்கும் என்பது விருதுநகர் மாவட்டத்துக்கு மனப்பாடம். உரிமம் ரத்தாகும், ஃபோர்மேன் கைதாவார், நிவாரணத் தொகை வரும். 2012இல் முதலிப்பட்டி, 2021இல் அச்சங்குளம், 2025இல் சின்னக்காமன்பட்டி என ஊர்ப்பெயர்தான் மாறுகிறது. பிழைத்தவர்களின் மனம் மட்டும் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

அந்த மனத்தை எது உலுக்கும் என்பதற்கு அறிவியலில் ஒரு தடயம் உண்டு. முன்பு தற்கொலைக்கு முயன்று, பின்னர் மனச்சோர்வு நீங்கியிருந்த ஆண்களுக்குக் கோபமான முகங்களைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தது மனநல ஆய்வாளர் ஃபாப்ரிஸ் ஜொலானின் குழு. 2008இல் வெளியான அந்த ஆய்வில், மனச்சோர்வு வந்தும் தற்கொலைக்கு முயலாதவர்களைவிட, இவர்களுடைய முன்மூளையின் ஒரு பகுதி கூடுதலாகக் கிளர்ந்தது தெரிந்தது. மற்றவர்கள் தாண்டிப்போகும் சிடுசிடுப்பு, இவர்களுக்குப் பெரும் அச்சுறுத்தலாகப் பதியக்கூடும். ஸ்கேனை வைத்து யாருடைய முடிவையும் முன்கூட்டிச் சொல்லிவிட முடியாது. தற்கொலைக்கு ஒற்றைக் காரணமும் கிடையாது. ஆனால், நொந்திருப்பவர்மீது ஏவப்படும் அவமதிப்பு உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதை இனி மறுக்க முடியாது.

இங்கே அந்த அவமதிப்பு கடன் வசூலின் வடிவில் வருகிறது. பட்டாசு குறித்த உச்ச நீதிமன்றத்தின் 2018 தீர்ப்பைத் தொடர்ந்து சிவகாசி ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. பயர் ஆபீஸ் எனப்படும் பட்டாசு ஆலை மூடினாலும் கடனுக்கான வாரத் தவணை நிற்பதில்லை. குழுக்கடனில் ஒருத்தி கட்டத் தவறினால் மற்ற பெண்களையும் எழவிடாமல் உட்காரவைப்பது, பொழுது சாய்ந்தபின் வாசலில் நின்று தெருவே கேட்கக் கத்துவது எல்லாம் வசூல் உத்திகள்.

கொடுத்த கடனைக் கேட்கக் கூடாதா? கேட்கலாம், நீதிமன்றத்துக்கும் போகலாம். மிரட்டத்தான் கூடாது. வலுக்கட்டாய வசூலைத் தடுக்கத் தமிழக அரசு 2025இல் தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது. புகாரோடு வரும் பெண்ணை, “வாங்குனா கட்டணும்லம்மா” என்று திருப்பி அனுப்பாமல் காவல் நிலையங்கள் வழக்குப் பதிய வேண்டும். விபத்தில் பாதிக்கப்பட்ட குடும்பங்களிடம் தவணை வசூலை ஆறு மாதமாவது நிறுத்திவைக்க ஆட்சியர் ஏற்பாடு செய்ய வேண்டும். நிவாரணத்தோடு மாவட்ட மனநலத் திட்டத்தின் ஆலோசகரும் வீட்டுக்குப் போக வேண்டும். ஒருமுறை அல்ல, ஓராண்டு முழுவதும்.

மனம் தளர்ந்தவர்கள் 14416 அல்லது 104 எண்ணை அழைக்கலாம், கட்டணம் இல்லை. ஒவ்வொரு ஆலை வாசலிலும் அந்த எண்களை எழுதிவைப்பதை நாளையே தொடங்கலாம்.