டிம் அடிக்காத சாலை

எதிரே வருபவரை "பிரைட்டைப் போட்டுக் கண்ணைக் குத்துறான்" என்று திட்டுகிறோம். உதிரிபாகக் கடையில் எல்.இ.டி. பல்பு வாங்கும்போது "இதைவிட பிரைட்டா இல்லையா?" என்று கேட்கிறோம். நம் வண்டியில் தகுதி, அடுத்தவர் வண்டியில் குற்றம். பிரைட்டாக இருந்தால் நன்றாகத் தெரியும் என்பது பாதி உண்மைதான். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் நான்குவழிச் சாலையின் நடுவே அரளி வைத்திருப்பது பூவுக்காக மட்டுமல்ல. எதிர்த்திசை ஹெட்லைட்டை மறைப்பதும் அதன் வேலை. செடி பட்டுப்போன இடத்தில் வெளிச்சம் வெட்டி வெட்டி அடிக்கும். செஞ்சிப் பக்கம் திரும்பினால் பெரும்பாலும் அந்த மறைப்பும் கிடையாது. எதிரே வருபவர் மனம் வைத்து டிம் அடித்தால்தான் உண்டு.

ஒரு பொருள் கண்ணுக்குப் புலப்படுவது, அதற்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாட்டால். கூசும் ஒளி கண்ணுக்குள் சிதறி அந்த வேறுபாட்டையே அழித்துவிடுகிறது. இருட்டில் பார்க்க உதவும் ரொடாப்சின் நிறமியும் வெளுத்துப்போய், மீள நேரம் எடுக்கும். 80 கிலோமீட்டர் வேகத்தில் கார் நொடிக்கு 22 மீட்டர் ஓடும். 3 நொடி பார்வை தப்பினால் 66 மீட்டர் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டிய கணக்கு. வயதானவர்களுக்குக் கண்வில்லை மங்குவதால் சிதறல் இன்னும் கூடும். சட்டத்துக்கு இது தெரியாமலில்லை. விளக்குக்கு 8 மீட்டர் முன்னால், தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண் கூசக் கூடாது என்று 1989 மத்திய மோட்டார் வாகன விதிகள் அளவே கொடுத்திருக்கின்றன. ஹெட்லைட் நடுவே கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டும் வழக்கத்தை நான் பெரிதாக மெச்ச மாட்டேன். கோளாறு கோணத்தில் இருக்க, அது நம் பாதைக்கு வேண்டிய வெளிச்சத்தையும் சேர்த்து மறைக்கிறது.

டிம்மில் போனால் முன்னால் நிற்கும் கரும்பு டிராக்டர் தெரியுமா என்பார்கள். அரவைக் காலத்தில் முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலைப் பக்கம் ஓட்டியவர்கள் கேட்டால் நியாயம்தான். சுமை பின்விளக்கை மறைத்திருக்கும், ரிஃப்ளெக்டரில் மண் அப்பியிருக்கும். காலிச் சாலையில் பிரைட் போடுவதை யாரும் தடுக்கவில்லை. எதிரே வண்டி வரும் சில நொடிகளைப் பற்றித்தான் பேச்சு. டிம்மில் தெரியும் தூரத்துக்குள் வண்டி நிற்காதென்றால் குறைய வேண்டியது வேகம். பிரைட் கேட்பவர் பெரும்பாலும் கேட்பது வேகத்தைக் குறைக்காமலிருக்கும் உரிமையை. "அவன் அடிக்கல, நான் ஏன் அடிக்கணும்" என்பவருக்கு, பார்வை தப்பிய இரண்டு பேர் எதிரெதிரே வருவதில் என்ன லாபமோ! டிம் அடித்தும் கூசுவது தனிக் கதை. டிக்கியில் மூட்டை ஏற்றினால் காரின் மூக்கு தூக்கிக்கொள்ளும். டிம்மும் எதிராளி முகத்துக்கு ஏறும். அதைத் தாழ்த்தவே பல கார்களில் ஸ்டியரிங் அருகே 0 முதல் 3 வரை எண் போட்ட சிறு திருகு இருக்கிறது. டெலிவரி அன்று பாட்டு கேட்பதை அரை மணி நேரம் விளக்குகிறவர்கள் அதைத் தொட்டுக்கூடக் காட்டுவதில்லை.