மிளகாய்ப் பொடியில் குடியேறும் வண்டு

சித்திரை வெயிலில் மிளகாயையும் மல்லியையும் உலர்த்தி, மில்லில் அரைத்து, ஓராண்டுக்கான பொடியைச் சம்படங்களில் நிரப்பிவைப்பது பல இல்லங்களின் வழக்கம். ஆடி வெள்ளிச் சமையலுக்கென மூடியைத் திறக்கும்போது, கடுகினும் சற்றே பெரிய செம்பழுப்பு வண்டுகள் பொடியின் மேல் ஊர்கின்றன. கரண்டியால் கிளறினால் பொடி சிறு சிறு கட்டிகளாக ஒட்டிக்கொண்டு வருகிறது. உடனே பழி மில்காரர் மேல் விழுகிறது. சில வேளை அது நியாயமே. முன்னர் அரைத்தவரின் பொடி இயந்திரத்தில் தங்கியிருக்கக்கூடும். ஆனால் அதே வண்டு வீட்டிலேயே காத்திருப்பதும் உண்டு.

இதனைச் சிகரெட் வண்டு என்பர். புகையிலைக் கிடங்குகளைப் பாழாக்கியதால் வந்த பெயர். 2 முதல் 3 மில்லிமீட்டர் நீளம். தலை கீழ்நோக்கிக் கவிழ்ந்திருப்பதால் முதுகு கூனியதுபோல் தோன்றும். எகிப்தில் 1922-இல் கண்டறியப்பட்ட துட்டன்காமன் கல்லறையிலும் இவ்வண்டு கிடைத்திருக்கிறது. மிளகாயின் காரமும் புகையிலையின் நஞ்சும் இதனை ஒன்றும் செய்வதில்லை. இதன் குடலருகே வாழும் ஈஸ்ட் போன்ற நுண்ணுயிர் நஞ்சுகளை முறிக்க உதவுகிறது. தாய் வண்டு அதனை முட்டையின் மேல் பூசிவிடுகிறது. புழு முட்டை ஓட்டைத் தின்றவாறே அதனையும் பெற்றுக்கொள்கிறது. ஆகவே, பொடிக்குள் நான்கு வற்றல் மிளகாயைப் போட்டுவைத்தால் வண்டு அண்டாது என்பது வெறும் நம்பிக்கையே.

பொடியைத் தின்று தீர்ப்பது பெரும்பாலும் வெண்ணிறப் புழுவே. கோடையில் முட்டை வண்டாக ஒரு மாதமோ சற்றுக் கூடுதலோ ஆகும். சித்திரையில் புகுந்த சில முட்டைகள் கண்ணுக்குப் புலப்படா. அவற்றின் பேரப்பிள்ளைகளே ஆடியில் வெளிப்படுகின்றன.

அவ்வாறாயின் வீட்டில் தேட வேண்டிய இடம் எது? அடுக்களை அலமாரியின் மூலையில் மறந்துபோன சுக்கு, மல்லிப் பொட்டலம் ஆகியவற்றோடு, பூஜை அலமாரியையும் பார்த்தல் வேண்டும். தாம்பூலத்தில் வந்த மஞ்சள் கிழங்குகள் அங்கே ஆண்டுக்கணக்கில் சேர்ந்திருக்கும்; கோயிலில் பெற்ற மலர்கள் காய்ந்து கிடக்கும். இவ்வண்டுக்கு இரண்டுமே உணவு. ஊசி முனையளவு துளைகள் விழுந்த மஞ்சளைத் தட்டினால் மாவாய் உதிரும். புனிதப் பொருளாயிற்றே என்று எறிய மனமின்றி வைத்திருப்பதே பூச்சிக்கு வாழ்வாகிறது. துளை விழுந்தவற்றையும் காய்ந்த மலர்களையும் கால் படாத இடத்தில் மண்ணில் புதைத்துவிடலாம். நல்ல மஞ்சளை மூடியிட்ட கண்ணாடிக் குப்பியில் இடுவதோ, குளியலுக்கு அரைத்துத் தீர்ப்பதோ நலம்.

வண்டு விழுந்த பொடியைச் சலித்துப் பயன்படுத்துவோர் உண்டு. வண்டு சல்லடையில் நிற்கும். முட்டையும் கழிவும் பொடியோடு இறங்கிவிடும். அது உண்பதற்கும் ஆகாது, படையலுக்கும் ஆகாது. விலை கொடுத்து வாங்கிய பொருள் என்ற வருத்தம் இருப்பினும், பையில் இறுகக் கட்டி அன்றே வீட்டைவிட்டு அகற்றுவதே முறை. திறந்த சம்படத்தை வெயிலில் வைத்தால் சூடு தாங்காத வண்டு பறந்து, அடுத்த பொட்டலத்துக்குச் செல்லும்.

புதிதாய் அரைத்த பொடியைக் காப்பது எளிது. மில்லிலிருந்து வந்ததும் தாளில் பரப்பி, முற்றிலும் ஆறிய பின் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, காற்றுப் புகாத பைகளில் இட்டு, குளிர்பதனப் பெட்டியின் உறைநிலை அறையில் ஒரு வாரம் வைத்தல் வேண்டும். மைனஸ் 18 பாகைக் குளிரில் முட்டையும் மடியும். ஒற்றைக் கதவுப் பெட்டிகளில் குளிர் அந்த அளவு எட்டாதாகையால் இன்னும் சில நாள் கூட்டலாம். வெளியே எடுத்தவுடன் பையைப் பிரிக்கலாகாது. குளிர்ந்த பொடியில் நீர் கோத்துக் கட்டிதட்டிவிடும். அறையின் சூட்டுக்கு வந்த பிறகே பிரித்து, ரப்பர் வளையமுள்ள திருகுமூடிக் குப்பியில் கொட்டுக. மெல்லிய பாலித்தீன் பையையும், ஜாடியின் வாயில் கட்டிய துணியையும் இவ்வண்டு துளைத்துவிடும்.

வேப்பிலையை அலமாரித் தட்டில் பரப்புவதில் தீங்கில்லை. வசம்பைப் பொடிக்குள் இடுவது மட்டும் வேண்டா. அது உணவில் கலக்கத் தக்கதன்று.