தூரத்து அணுவும் பக்கத்துக் கழிவும்

2011 மார்ச் 11-ல் பூகம்பமும் கடற்பேரலையும் தாக்கி ஜப்பானின் புக்குஷிமா அணுமின் நிலையம் சீர்குலைந்தது. மழையில் நனையாதீர், கழுத்தில் அயோடின் பூசுவீர் என்று ஆசிய நாடுகளில் வதந்தி பறந்தது. அப்படியொரு விபத்துக்குக் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் உள்ள நாம் அஞ்ச வேண்டுமா?

வேண்டியதில்லை. கதிரியக்கத்தில் தீங்கை நிர்ணயிப்பது அளவு. புக்குஷிமா 5,000 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. காற்று கதிரியக்கத் தூசியில் பெரும்பகுதியைப் பசிபிக் கடல் பக்கம் கொண்டு போயிற்று. அயோடின்-131 எட்டு நாளுக்கொருமுறை பாதியாகக் குறையும். கழுத்தில் பூசும் மருந்தால் பயனுமில்லை.

அருகிலிருப்போர் நிலை வேறு. 1986-ல் செர்னோபில் விபத்துக்குப் பின் மாசுபட்ட மாட்டுப்பாலைக் குடித்த பிள்ளைகள் பலருக்குத் தைராய்டுப் புற்றுநோய் கண்டது. நம் நாட்டிலேயே, பேராக் புக்கிட் மேராவில் ஏஷியன் ரேர் எர்த் ஆலையின் தோரியக் கழிவை எதிர்த்து மக்கள் 1985-ல் நீதிமன்றம் சென்றனர். 1994-ல் ஆலை மூடப்பட்டது.

ஆகவே, வேலையிடத்தில் என்ன பொருள் புழங்குகிறது, அளந்தது யார், கணக்கு எங்கே என்று கேளுங்கள். தகவல் தருவது முதலாளியின் கடமை என்று 1994-ஆம் ஆண்டுத் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் கூறுகிறது. தனியாகக் கேட்கத் தயங்குவோர் சங்கத்தின் மூலம் கேட்கலாம்.