நாற்காலியில் கழிந்த நேரம் பயிற்சி ஆகாது

2022 நவம்பரில் சென்னை பெரியார் நகர் அரசு புறநகர் மருத்துவமனையில் 17 வயதுக் கால்பந்து வீராங்கனை ஒருவருக்கு மூட்டு நுண்துளை அறுவை சிகிச்சை நடந்தது. காலில் போட்ட கட்டு அளவுக்கு மீறி இறுகியிருந்தது. ரத்த ஓட்டம் நின்றது. ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் அந்தக் கால் அகற்றப்பட்டது. நவம்பர் 15 அன்று அவர் இறந்தார்.

கவனக்குறைவு என்று சுகாதாரத் துறை அமைச்சரே சொன்னார். இரண்டு மருத்துவர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவிக்கப்பட்டது. அதோடு பொறுப்பு தீர்ந்ததா? தீரவில்லை.

நுண்துளை சிகிச்சை என்பது துளையிடும் கை மட்டும் அல்ல. கட்டும் அதில் அடங்கும். கட்டை எப்போது தளர்த்துவது என்பதும், இரவில் வார்டில் கால் விரல்களின் நிறத்தைப் பார்ப்பதும் அடங்கும். ஒரு மருத்துவமனையில் ஒரு சிகிச்சை நடக்கிறது என்றால், அங்குள்ள அத்தனை பேரும் அதைக் கற்றிருக்க வேண்டும். கற்றார்களா என்று சோதித்துக் கையெழுத்திட ஒருவர் இருக்க வேண்டும். அந்த ஒருவர் யார் என்று எந்த விதியும் சொல்லவில்லை.

விதி சொல்வது வேறு. 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளின்படி மருத்துவர் ஐந்து ஆண்டுகளில் 30 மணி நேரம் தொடர்கல்வியில் பங்கேற்க வேண்டும். ஆண்டுக்கு ஆறு மணி நேரம். கருத்தரங்கில் உட்கார்ந்தாலே கணக்கில் ஏறும். கத்தி பிடித்தாரா என்று கேட்பதில்லை. யார் மேற்பார்வையில் எத்தனை பேருக்குச் செய்தார் என்று கேட்பதில்லை.

பட்டம் பெற்று இருபது ஆண்டு கழித்து வரும் முறையைக் கல்லூரி கற்றுத் தந்திருக்க முடியாது. பித்தப்பையை லேப்ராஸ்கோப்பி வழியே அகற்றும் முறை ஜெர்மனியில் 1985இல் தொடங்கியது. 1990இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனைக்கு வந்தது. அதுவரை வயிற்றைத் திறந்து பழகியவர்கள் திரையைப் பார்த்து அறுக்க வேண்டியிருந்தது. ஆழம் தெரியாது. தொட்டு அறிய முடியாது. கை இடப்பக்கம் போனால் கருவியின் முனை வலப்பக்கம் போகும். பழகாத கைகள் பித்தநாளத்தையே வெட்டின. நோயாளிகள் பாதிக்கப்பட்ட பின், 1992இல் நியூயார்க் மாநில அரசு வரம்பு வகுத்தது: மேற்பார்வையில் குறைந்தது 15 பேருக்குச் செய்து தேறாதவர் தனியே செய்யக் கூடாது. இங்கே அப்படி ஓர் எண் இன்றும் இல்லை.

தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்ட் 2 அன்று புதிய நெறிமுறைகளை வெளியிட்டது. மருந்து நிறுவனங்களின் செலவில் நடக்கும் கருத்தரங்குகளுக்கு மருத்துவர்கள் போகக் கூடாது என்றது. மூன்றே வாரத்தில், ஆகஸ்ட் 23 அன்று, அத்தனையையும் நிறுத்தி வைத்தது. மருந்தும் கருவியும் விற்பவரே கற்றுத் தரும் நிலைக்குக் கதவு மீண்டும் திறந்தது. இது வெட்கக்கேடு.

பழகாத கைகளுக்கான விலையைக் கொடுப்பவர்கள் சென்னையின் மேற்குப் புறநகரில், அம்பத்தூர் தொழிற்பேட்டையின் லேத் தொழிலாளர்கள். ஆவடியின் கூலிக் குடும்பங்கள். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் அடிபட்டு வருபவர்கள். பக்கத்து அரசு மருத்துவமனைக்குப் போகிறார்கள், அல்லது சென்னை-திருவள்ளூர் நெடுஞ்சாலை (சி.டி.எச். சாலை) நர்சிங் ஹோமுக்கு நகையை அடகு வைத்துப் போகிறார்கள். ‘இந்த ஆபரேஷனை இதுவரை எத்தனை பேருக்குச் செய்தீர்கள், டாக்டர்?’ என்று கேட்க அவர்களுக்கு வாய் வராது. அவர்களுக்காகக் கேட்க வேண்டிய தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் கேட்கவில்லை.

பூந்தமல்லி சாலையை ஒட்டி மருத்துவக் கல்லூரிகள் வரிசையாக நிற்கின்றன. திருவள்ளூரில் 2022 முதல் அரசுக் கல்லூரி இயங்குகிறது. ஆசிரியர்கள் அருகிலேயே இருக்கிறார்கள். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி அரசு மருத்துவமனைகளின் சிறப்பு மருத்துவர்களையும் செவிலியர்களையும் சம்பளத்தோடு அந்தக் கல்லூரிகளுக்குப் பயிற்சிக்கு அனுப்ப அரசு உத்தரவிட வேண்டும். ஒவ்வொரு புதிய சிகிச்சைக்கும் மேற்பார்வையில் செய்ய வேண்டிய எண்ணிக்கையைக் கவுன்சில் அறிவிக்க வேண்டும். தனியார் மருத்துவமனைகளுக்கும் அதே எண். அதை எட்டாதவருக்கு அறுவை அரங்கைத் திறந்துவிடும் நிர்வாகியின் பெயரும் குற்றப்பத்திரிகையில் வர வேண்டும்.